நீல வயிறு, சிவப்பு வயிறு

முப்பத்தெட்டாவது வயதில் மாலை நேரக் கல்லூரியில் முதலாண்டு உயிரியல் வகுப்பில் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு, சேர்ந்த பத்தாவது நாளே பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். கரப்பான் அக்கா. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பதினான்கு வருஷமாக அவள் பார்த்து வந்த வேலையே அதுதானே.

பூச்சி ஒழிப்பு கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. காலை ஏழு மணிக்குக் கையெழுத்துப் போடுவாள். பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தோள்பையில் மருந்துக் குழாய்கள், டார்ச், முழங்காலுக்குக் கட்டும் பஞ்சு மெத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஒரு நாளைக்கு நாலைந்து சமையலறை. ஹோட்டல், விடுதி, ஆஸ்பத்திரி, அடுக்குமாடி வீடுகள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கழுவும் தொட்டிக்கு அடியில், அலமாரிக் கதவின் கீல் இடுக்கில் என்று வீட்டுக்காரர்களே எட்டிப் பார்க்காத இடங்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சமையலறைக்குள் நுழைந்து மூக்கை ஒரு முறை உறிஞ்சினாலே போதும், கூட்டம் எந்த மூலையில் என்று சொல்லிவிடுவாள்.

சொல்லத் தெரியாதது ஒன்றுதான். ஏன் என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே மாதிரி அழுக்கு, இந்த வீட்டில் ஆயிரம், அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஏன்? கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்டால் அவர் கையை உதறுவார்.

"நமக்கு எதுக்குங்க அது? மருந்து வச்சோமா, கையெழுத்து வாங்கினோமா, அடுத்த இடத்துக்குப் போனோமான்னு இருங்க."

அப்படி இருக்க அவளால் முடியவில்லை. ஒரு நாள் ஒரு கல்லூரி உணவகத்தில் வேலை முடித்து வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தாள். உயிரியல் இளநிலைப் பட்டம், மாலை வகுப்பு, வயது வரம்பு கிடையாது. படித்துவிட்டு நாலடி நடந்தாள். திரும்பி வந்து மறுபடி படித்தாள். அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும்போதும் கை உறையைக் கழற்ற மறந்துபோனாள். குமாஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கா, பையனுக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு" என்றாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வருஷம் சாயங்காலம் நீ வீட்ல இருக்க மாட்டே. சமையல்?"

"நீங்கதான்."

"அப்ப நீ கண்டிப்பா பாஸ் பண்ணிடுவே. நான் சமைக்கிறதுக்குப் பயந்துகிட்டே வீட்டுக்கு வராம லைப்ரரில உக்காந்துடுவே."

ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "படிம்மா. ஆனா என் ஃப்ரெண்ட்ஸ் யார்கிட்டயும் சொல்லாதே. அப்புறம், பூச்சி எதையும் உயிரோட வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது."

வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். ஆய்வகத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். அவளுக்கு வாய்த்த ஜோடி ஒரு மெலிந்த பெண். வாத்தியார் தும்மினால்கூட எழுதிக்கொள்வாள் என்று அவளுக்கு நோட்டு என்று பெயர். படிப்பில் சூரப்புலி. கரப்பான்பூச்சி என்றால் மட்டும் குலை நடுங்கும்.

அந்த நோட்டுவுக்குப் பக்கத்தில்தான் முதல் அறுவைப் பயிற்சி நடந்தது. மெழுகு பூசிய தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பெரிய ரகக் கரப்பான் ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். நோட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்றாள்.

"அக்கா, அது நிஜமாவே செத்துடுச்சா?"

"நான் பார்த்துச் சொல்றேன், நீ எழுதும்மா. எனக்குப் படம் வரைய வராது, உனக்குத் தொட வராது. கணக்கு சரியாப் போச்சு."

கத்தரிக்கோலின் நுனியால் பக்கவாட்டில் வெட்டி, முதுகுத் தகட்டைப் பெட்டி மூடியைத் திறப்பதுபோலத் தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை லட்சத்தைக் கொன்றிருப்பாள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. தண்ணீருக்கடியில் வெள்ளிக் கம்பிகள் மின்னின. மயிரிழையைவிட மெல்லியவை, கிளை கிளையாகப் பிரிந்து எங்கும் ஓடின. காற்றுக் குழாய்கள். மூச்சு விட அதற்கு நுரையீரல் கிடையாது, உடம்பு முழுக்க இந்தக் குழாய்கள்தான். நடுவில் குடல். குடலின் ஓரிடத்தில் மஞ்சள் நூல் குஞ்சம் கட்டியதுபோல் ஒரு கொத்து. கழிவைப் பிரிக்கும் குழாய்கள்.

"நோட்டு, இங்க வாயேன். சும்மா ஒரு தடவை பாரு. நகைக் கடைல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கலாம்."

நோட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொரு கண்ணையும் திறந்தாள். அன்றைக்கு ஆய்வக மணி அடித்து, விளக்கை அணைக்க உதவியாளர் வந்து நின்ற பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் இப்படித் தித்திப்பாகவே போனது என்று சொல்ல முடியாது. வேதியியல் அவளுக்குத் தண்ணீர் காட்டியது. முதல் தடவை பத்தொன்பது மதிப்பெண். இரண்டாம் தடவை இருபத்தெட்டு. அறுகோணப் படங்களைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது. கணவர் கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சமைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக உருவி வாசிப்பார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. ஆனால் அவள் பதிலில் தடுமாறினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "இது தப்பு. தப்பாச் சொல்றப்ப நீ வேகமாச் சொல்றே" என்பார். மூன்றாம் தடவை நாற்பத்தொன்று வந்தது. நாற்பது இருந்தால் தேர்ச்சி. அந்த அதிகப்படி ஒரு மதிப்பெண் தன்னுடையது என்று கணவர் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அவளுக்கு வழிகாட்டியாக அமைந்த விரிவுரையாளர் அவளைவிட ஐந்து வயது சின்னவர். மீன் ஆராய்ச்சிக்காரர். முதல் சந்திப்பிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு மீன்தான் தெரியும். கரப்பான்ல நீங்கதான் சீனியர். ஒரு கேள்வியோட வாங்க, சோதனை எப்படிப் பண்றதுன்னு சேர்ந்து யோசிப்போம்."

கேள்வி தானாகவே வந்து சேர்ந்தது. ஊரில் பெரிய ரொட்டிக் கடை ஒன்றிலிருந்து கம்பெனிக்கு மூன்றாவது முறையாகப் புகார் வந்தது. சமையலறையில் சின்ன ரகக் கரப்பான், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பழுப்பு நிறப் பூச்சி. எத்தனை முறை மருந்து வைத்தாலும் குறையவில்லை. மருந்து என்பது பசை. இனிப்பில் விஷத்தைக் கலந்து ஊசிக் குழாயில் அடைத்திருக்கும். இடுக்கில் ஒரு பொட்டு வைத்தால் பூச்சி தேடி வந்து தின்று சாகும். வேறு இடங்களில் மூன்றே நாளில் குப்பைக்கூடை நிறைந்துவிடும்.

"வைக்க வேண்டிய இடத்துல வச்சிருக்க மாட்டாங்க. நீங்க போய்ப் பாருங்க" என்றார் சூப்பர்வைசர்.

அவள் போனாள். வைத்த இடமெல்லாம் சரியாகவே இருந்தது. பசைப் பொட்டுகள் வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தன. காலையில் ரொட்டி சுடும் வேலை முடிந்து, மத்தியானம் கடையில் ஆள் ஓய்ந்திருக்கும் நேரம். பின்கட்டுக் கதவையும் ஜன்னலையும் அடைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு, மாவு மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். சிவப்பு வெளிச்சம் அந்தப் பூச்சிகளின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. இதுவும் வகுப்பில் படித்ததுதான்.

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. கால் மரத்துப்போனது. பிறகு ஒன்று வந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு, மோப்பம் பிடித்து, பசைக்கு நேராகவே வந்தது. வாயருகே இருக்கும் சின்னக் கைகளால் ஒரு தொடு தொட்டது. அடுத்த கணம், அடுப்பில் கை வைத்தவன்போல வெடுக்கென்று பின்வாங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடியது. அடுத்ததும் அப்படியே. ஒரு மணி நேரத்தில் பதினேழு வந்தன. பதினேழும் தொட்டுவிட்டு ஓடின. ஒன்றுகூடத் தின்னவில்லை.

கடைக்காரர் கதவைத் திறந்தபோது அவள் தலையெல்லாம் மாவோடு உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒழிச்சாச்சா?"

"இல்லைங்க. ஒண்ணுகூட சாகலை."

"அதுக்கா சிரிக்கிறீங்க?"

அன்று மாலையே விரிவுரையாளரிடம் ஓடினாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அதுக்குப் பிடிக்காதது விஷமா, இனிப்பா?"

பூச்சிகள் வேண்டும், உயிரோடு. கண்ணாடி ஜாடிக்குள் ரொட்டித் துண்டைப் போட்டு, விளிம்பின் உட்பக்கம் வாஸ்லின் தடவி வைத்தாள். உள்ளே விழுந்தது வழுக்கி வெளியே ஏற முடியாது. இரண்டு நாளில் நூற்றுக்கு மேல் சேர்ந்தன. துணியால் வாய் கட்டிய ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் கல்லூரிக்குப் போனபோது பக்கத்துச் சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஊறுகாயா?"

"இல்லைம்மா. கரப்பான்."

அந்த அம்மாள் இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார்.

கல்லூரி ஆய்வகத்திலும் அதே ரகப் பூச்சிகள் இருந்தன. பன்னிரண்டு வருஷமாகத் தொட்டியில் வளர்த்தவை, விஷத்தின் வாடையே அறியாதவை. ஒப்பிட்டுப் பார்க்க அவையே போதும். விஷமே இல்லாத வெறும் இனிப்புப் பசையை முதலில் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வகப் பூச்சிகள் மொய்த்தன. ரொட்டிக் கடைப் பூச்சிகள் தொட்டுவிட்டு ஓடின. ஆக, விஷத்தின்மேல் அவற்றுக்கு விரோதமில்லை. இனிப்பின்மேல்தான். ரொட்டிக் கடையிலேயே பிறந்து வளர்ந்த ஜென்மங்களுக்கு இனிப்பு ஆகாதாம். தன் ஆய்வுக்கு நடுவிலும் கூட வந்து உதவிய நோட்டு இதை எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, சிரித்தாள்.

இனிப்பிலும் ரகம் உண்டு. பசையில் இருந்தது குளுக்கோஸ். பழத்தில் இருக்கும் சர்க்கரைக்கு ஃபிரக்டோஸ் என்று பெயர். இரண்டையும் தனித்தனியாகக் கடற்பாசிக் கூழில் கலந்து, குளுக்கோஸுக்கு நீலச் சாயமும் ஃபிரக்டோஸுக்குச் சிவப்புச் சாயமும் சேர்த்துத் துண்டு போட்டார்கள். பூச்சியின் அடிவயிறு எண்ணெய்க் காகிதம் மாதிரி. உள்ளே போனது வெளியே தெரியும். ஆய்வகப் பூச்சி முப்பது ஒரு தொட்டியில், ரொட்டிக் கடைப் பூச்சி முப்பது இன்னொன்றில், இரண்டிலும் இரண்டு நிறத் துண்டுகளும். மறுநாள் மாலை தொட்டிகளை ஃப்ரிட்ஜில் சில நிமிஷம் வைத்து, மரத்துப்போன பூச்சிகளை மல்லாத்தி எண்ண வேண்டும்.

ஆய்வகப் பூச்சிகளுக்கு வயிறெல்லாம் கத்தரிப்பூ நிறம். இரண்டையும் வஞ்சனையில்லாமல் தின்றிருந்தன. ரொட்டிக் கடைத் தொட்டியைத் திறந்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. இருபத்தேழு சிவப்பு. மூன்று ஒன்றுமே தின்னாமல் வெறும் வயிறு. நீலம் ஒன்றுகூட இல்லை.

 இரண்டாவது முறை எண்ணினாள். விரிவுரையாளரைக் கூப்பிட்டு மூன்றாவது முறை எண்ணச் சொன்னாள். அப்போதுதான் நோட்டு, தயங்கித் தயங்கி, வாயைத் திறந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அதுங்களுக்குப் பிடிக்காதது நீல நிறமா இருந்தா?"

கரப்பான் அக்கா தொட்டியைத் திரும்ப மூடினாள்.  கேள்வி நியாயமான கேள்வி. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை சாயத்தை மாற்றிப் போட்டார்கள். குளுக்கோஸுக்குச் சிவப்பு, ஃபிரக்டோஸுக்கு நீலம். அந்த ஒரு நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓர் ஆஸ்பத்திரி சமையலறையில் ஒரே இடுக்கில் மூன்று தடவை மருந்து வைத்தாள். மாலையில் தொட்டி மூடியைத் திறக்கக் கை வரவில்லை.

"நீயே திற" என்றாள் நோட்டுவிடம்.

கரப்பானைக் கண்டால் சுவரில் ஒட்டிக்கொண்ட அந்தப் பெண் இப்போது வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்து மல்லாத்தினாள். நீலம். நீலம். நீலம். இருபத்தெட்டு வரை எண்ணிவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு காலி வயிறு. சிவப்பு இல்லவே இல்லைக்கா." கரப்பான் அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டதில் இருபத்தொன்பதாவது பூச்சி விழித்துக்கொண்டு ஓடிவிட, விரிவுரையாளரும் சேர்ந்து மூன்று பேருமாக மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் நோட்டு சரியாகப் பேசவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கரப்பான் அக்கா கேட்டே விட்டாள். "என்ன ஆச்சு உனக்கு? வீட்ல பிரச்சினையா?"

நோட்டு பையிலிருந்து சில தாள்களை எடுத்து நீட்டினாள். முகம் செத்துப்போயிருந்தது. "லைப்ரரில தேடினேன்க்கா. வெளிநாட்டுல ஒருத்தங்க இதைப் பல வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க. குளுக்கோஸ் பிடிக்காத கரப்பான். எல்லாமே இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அவள் தாள்களை வாங்கிக்கொண்டு கல்லூரி மாடிப் படியில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கிறாள். அகராதிக்கு நாலைந்து முறை போக வேண்டியிருந்தது. மற்றபடி வரிக்கு வரி புரிந்தது. இந்த இடத்தில் இவர்கள் எத்தனை பூச்சி எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், எதற்காக ஒப்பிட்டுப் பார்த்தார்கள் எல்லாம் புரிந்தது. பூச்சி தொட்டுவிட்டுப் பின்வாங்குவதை எழுதியிருந்த பத்தி வந்ததும் ரொட்டிக் கடைத் தரையில் மாவுக்கு நடுவில் தான் உட்கார்ந்திருந்ததை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நோட்டு எதிரே குற்றவாளிபோல நின்றுகொண்டிருந்தாள்.

"வருத்தமா இருக்காக்கா?"

"வருத்தமா? அடிப் பைத்தியமே. முகம் தெரியாத யாரோ ஒருத்தங்க எங்கயோ பார்த்ததை நானும் பார்த்திருக்கேன். அப்ப நான் பார்த்தது நிஜம்தானே?" என்றவள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் தட்டினாள். "ஆனா நம்ம ஊர்ல இது எங்கெங்க இருக்குன்னு இவங்களுக்குத் தெரியாது. அதை நாம பார்ப்போம்."

அவள் வழக்கமாகப் போகும் தடத்தில் பதினொரு பெரிய சமையலறைகள். பதினொன்றிலும் ஜாடி வைத்தாள். பச்சைச் சட்டையோடு போய்ப் பூச்சியைக் கொல்லாமல் பிடித்துக்கொண்டு வரும் ஆளைப் பார்த்துச் சமையல்காரர்கள் திகைத்தார்கள். ஐந்து வாரம் சோதனை நடந்தது. எட்டு இடத்துப் பூச்சிகள் குளுக்கோஸைத் தின்றன. ரொட்டிக் கடையிலும் இரண்டு ஹோட்டல்களிலும் தின்னவில்லை.

வரைபடத்தில் குறிப்பது மகளின் வேலையானது. அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் பதினொரு இடத்தையும் வைத்து, நீலமும் சிவப்பும் பூசிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, இந்த மூணும் பக்கத்துப் பக்கத்துலகூட இல்லையே. ஒண்ணு ஊருக்கு இந்தக் கோடி, ஒண்ணு அந்தக் கோடி. எப்படிம்மா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஹோட்டல் சமையலறைகளையும் மனதுக்குள் ஒரு முறை சுற்றி வந்தாள். தொட்டி, அடுப்பு, அலமாரி, பின்வாசல். பின்வாசலில் அடுக்கி வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் கூடைகள். அதே மஞ்சள் கூடைகளை ரொட்டிக் கடையின் பின்கட்டிலும் பார்த்திருக்கிறாள்.

"கூடை" என்றாள். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ரொட்டிக் கூடைடி. ரெண்டு ஹோட்டலுக்கும் ரொட்டி அங்கேருந்துதான் வருது. கூடைல ஏறிப் போயிருக்கு."

மறுநாள் மூன்று இடத்திலும் கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். கைப்பிடியின் உட்குழிவில், சொல்லி வைத்ததுபோல, முட்டைப் பையோடு ஒரு பெண் பூச்சி. மகள் அன்று மாலை தன் தோழிகள் மூன்று பேரை வீட்டுக்கு அழைத்து வந்து வரைபடத்தைக் காட்டினாள். "இது எங்கம்மா கண்டுபிடிச்சது" என்று அவள் சொன்னது சமையலறை வரை கேட்டது.

கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் அதை இரண்டு முறை படித்துவிட்டு வேறு சர்க்கரையில் செய்த பசைக்கு ஆர்டர் போட்டார். கூடைகளை வெந்நீரில் கழுவச் சொல்லிக் கடைக்காரருக்கும் தகவல் போனது. மூன்று வாரத்தில் ரொட்டிக் கடை சுத்தமானது. நல்லவேளையாக அவள் ஒரு தொட்டி நிறையப் பூச்சிகளை முன்பே கல்லூரியில் சேர்த்திருந்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தானே? இதுல உங்களோடது என்ன?"

"கண்டுபிடிப்பு அவங்களோடது சார். விலாசம் என்னோடது. யார் வீட்டுல இருக்கு, எந்த வழியா வந்துதுன்னு வேற யாரும் சொல்ல முடியாது."

அவர் பதினைந்து நிமிஷத்தில் முடிக்க வேண்டிய தேர்வை முக்கால் மணி நேரம் நடத்தினார். கடைசியில் தன் வீட்டுச் சமையலறையைப் பற்றியும் இரண்டு சந்தேகம் கேட்டுக்கொண்டார்.

தேர்வு முடிவு வந்த நாள் அவள் ஒரு விடுதிச் சமையலறையில் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தாள். நோட்டு போன் செய்தாள். "அக்கா, முதல் வகுப்பு. ரெண்டு பேருக்கும்." நிமிரப் போய்த் தொட்டியில் தலையை இடித்துக்கொண்டாள். வலி தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே கணவருக்குப் போன் போட்டாள். அவர் அப்போது ஒரு பெரிய கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் உச்சியில் நின்று கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை.

"என்ன? சத்தமாச் சொல்லு."

"முதல் வகுப்பு. பாஸாயிட்டேன்."

 "என் பொண்டாட்டி டிகிரி முடிச்சுட்டா" என்று ஒரு குரல் லிஃப்ட் குழிக்குள் மேலிருந்து கீழ்வரை முழங்கியது. ஒவ்வொரு மாடியிலும் ஜனங்கள் லிஃப்ட் கதவருகே வந்து, யார் பொண்டாட்டி, என்ன டிகிரி என்று விசாரித்தார்கள். அவர் மாடிக்கு மாடி கூண்டை நிறுத்தி, இடுக்கு வழியாகப் பதில் சொல்லிக்கொண்டே கீழே இறங்கினார்.